மாமியாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்

கிராம சுகாதார செவிலியராக 28 வருடம் வேலை பார்த்து, 2022-இல் ஓய்வு பெற்றேன். தடுப்பூசியை ஊர் ஏன் ஏற்கிறது, ஏன் மறுக்கிறது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஒரு இளம் தாய்): குழந்தைக்கு 9 மாதம் முடிந்துவிட்டது. "மணல்வாரி (தட்டம்மை) ஆத்தா போடுறது, அதுக்கு ஊசி போட்டா குத்தம்" என்று மாமியார் விட மறுக்கிறார்.

பதில்: ஆத்தாவைப் பற்றி வாதம் வேண்டாம் அம்மா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அந்தத் தவறைச் செய்தேன். நிலையில் வேப்பிலை செருகியிருந்த வீட்டுக்குள் செருப்புக் காலோடு போய், "இது வெறும் கிருமி பாட்டி" என்றேன். அன்று அந்தத் தெருவிலிருந்து ஒரு குழந்தைகூட வரவில்லை. அப்புறம் வேறொரு பாட்டிதான் வழி காட்டினார். "பெரியம்மை இப்ப எங்க இருக்கு? ஆத்தா இறங்கிட்டா, போயிட்டா" என்றார். அன்றிலிருந்து நானும், "இந்த அம்மையும் இறங்கிப் போகட்டும் பாட்டி, அதுக்குத்தான் ஊசி" என்றே சொல்வேன்.

புதன்கிழமை ஊசி போடப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தை அவர் மடியில் இருக்கட்டும். வீட்டில் முடிவு எடுப்பவர் அவர். அவரிடம் யாரும் இதுவரை எதையும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்குப் பயந்து, படித்த பெற்றோரே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லையே?

பதில்: அது பிப்ரவரி மாதம். ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எல்லார் கையிலும் வாட்ஸ்அப், எல்லார் மனதிலும் சந்தேகம். தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவற்றில்தான் முதலில் தொடங்கினார்கள். "நம்ம பிள்ளைங்க மேல சோதனை பண்றாங்களா?" என்று என்னிடமே கேட்டார்கள். ரூபெல்லா என்ற பெயரையே பலர் அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். கர்ப்பிணிக்கு அது வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் பாதிக்கப்படும் என்பதை ஒரு மாதம் முன்பே பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் முகாமை மார்ச் வரை நீட்டித்தார்கள்.

கேள்வி (மருத்துவ மாணவர்): இடையில் தமிழ்நாட்டில் தடுப்பூசி குறைந்ததற்கு மூடநம்பிக்கைதானே காரணம்?

பதில்: இல்லை தம்பி. இப்படிச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு 4 கைக்குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு ஊருக்குள் வந்து ஊசி போடுவதை விட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் வர வேண்டும் என்று ஆனது. பயம் ஒரு பக்கம். கைக்குழந்தையோடு பஸ் ஏறி, ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு வர வேண்டியது இன்னொரு பக்கம். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06-இல் சுமார் 81 சதவீதம், 2015-16-இல் சுமார் 70. அடுத்த கணக்கெடுப்பில் 89-க்கு ஏறியது. அந்தப் பத்து வருடத்தில் ஆத்தா மேல் பக்தி கூடிவிட்டதா என்ன?

கேள்வி: நடிகர் விவேக் இறந்த பிறகு எங்கள் தெருவே கொரோனா ஊசியை நிறுத்திவிட்டது. உங்கள் ஊரில்?

பதில்: எங்கள் முகாமிலும் நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. 2021 ஏப்ரல் 15-இல் ஊசி போட்டார், 17-இல் போய்விட்டார். இதயக் குழாயில் அடைப்பு என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னதோ அக்டோபரில். நம் வீட்டுப் பிள்ளை போல நினைத்தவர் போனால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். அவர்களை நான் திட்டவில்லை. கூட உட்கார்ந்து அழுதேன், பிறகு பேசினேன்.

கேள்வி: கொரோனா ஊசி மெகா முகாமை ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றியது கறிக்காகவா?

பதில்: ஆமாம். கறி சாப்பிட்டால், குடித்தால் ஊசி கூடாது என்று பலர் ஞாயிறு வரவில்லை. கறிக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கிழமையை மாற்றியதுதான் புத்திசாலித்தனம்.

கேள்வி (புதிதாகச் சேர்ந்த செவிலியர்): முதல் ஊசியில் காய்ச்சல் வந்தால் அடுத்ததற்கு வர மறுக்கிறார்கள் அக்கா.

பதில்: ஊசிக்கு முன்னாலேயே சொல்லிவிடு தங்கச்சி: "இன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும்." காய்ச்சல் மருந்தை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பாலாடையில் அளந்து காட்டு. மறுநாள் காலை முதல் வேலையாக அந்த வீட்டுக்குப் போ. நான் என் போன் நம்பரை அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிவிட்டு வருவேன். சில வீடுகளில் அது இன்னும் அழியவில்லை. போன வாரம்கூட ஒருத்தி கூப்பிட்டாள். நான் ஊசி போட்ட குழந்தைதான், இப்போது அவள் கையில் ஒரு குழந்தை.