குறி பார்த்துச் சொல்கிறேன்: வாசகர் கேள்வி பதில்

துப்பாக்கி சுடும் விளையாட்டு பற்றிய இந்தப் பகுதிக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் துப்பாக்கியைப் பற்றிய கேள்வி ஒன்றுகூட இல்லை. எல்லாம் தூக்கம், சாப்பாடு, நடுக்கம், கண்ணாடி. துப்பாக்கி என்ன விலை என்ற கேள்வியையே படித்துப் படித்து அலுத்துப்போன எனக்கு இதில் சந்தோஷம்தான்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. பத்து மீட்டர் ஏர் ரைபிள் (காற்றுத் துப்பாக்கி) பழகுகிறாள். துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். கோச் தினமும் காலையில் ஓடச் சொல்கிறாராம். நின்ற இடத்தில் நின்று சுடுகிற விளையாட்டுக்கு எதற்கு ஓட்டம் என்று வீட்டில் எல்லாரும் கேட்கிறார்கள். அவளும் அதையே சாக்காக வைத்து ஏழரை மணி வரை தூங்குகிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் சார்?
– ஒரு தாய், தக்கலை

அந்த நின்ற இடத்தில் நிற்பதுதான் அம்மா பாடு. போட்டி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். உங்கள் மகளுடையது ஐந்து கிலோ என்றே வைத்துக்கொள்வோம். 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டும். அதற்கு முன்னால் 15 நிமிடம் குறியைச் சரிபார்த்துக்கொள்ளச் சுடுவது வேறு. தூக்கிய துப்பாக்கியை எல்லாத் தடவையும் சுட்டுவிட்டுத்தான் இறக்குவோம் என்றும் இல்லை. மனசுக்குச் சரியாகப் படாவிட்டால் சுடாமலே இறக்கிவிட்டு மறுபடி தூக்குவோம். எப்படியும் எண்பது தடவை ஆகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், நானூறு கிலோ; ஐம்பது கிலோ மூட்டையில் எட்டு மூட்டை அரிசி. அதையும் தடித்த கான்வாஸ் ஜாக்கெட் மாட்டி, முதுகைப் பின்னால் வளைத்து, இடது முழங்கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு செய்ய வேண்டும்.

இவ்வளவும் எதற்காக? பத்து மதிப்பெண் கிடைக்கிற அந்தப் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். நம் இதயம் ஒரு தடவை துடித்தாலே குறி கொஞ்சம் ஆடிவிடும். துடிப்பை நிறுத்த யாராலும் முடியாது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம். ஓட்டமும் நடையும் அதற்குத்தான். காலையில் கண் விழித்ததும் படுக்கையில் கிடந்தபடியே மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணி, காலண்டரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் எண் இறங்குவதை அவளே பார்ப்பாள். அப்புறம் நீங்கள் எழுப்ப வேண்டியிருக்காது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி என்.சி.சி.யில் தொடங்கி பட்டாளத்திலும் சுட்டேன். கை ஆடாது என்கிற திமிரில் உடற்பயிற்சியை ஏமாற்றினேன். 36 வயதில் ஒரு காலை குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. வருஷக்கணக்கில் ஒரே பக்கமாக வளைந்து நின்ற முதுகு, அடிவயிற்றுத் தசையில் பலமே இல்லை. ஏழு மாதம் துப்பாக்கியைத் தொடவில்லை. அந்த ஏழு மாதமும் சொத்தவிளை கடற்கரையில் வெறுங்காலோடு மணலில் நடந்தேன். உலர்ந்த மணலில் நாற்பது நிமிடம் நடந்து பாருங்கள், கணுக்காலில் இருக்கிற சின்னச் சின்னத் தசையெல்லாம் எழுந்து உட்காரும். திரும்பி ரேஞ்சுக்குப் போனபோது என் கையைவிடக் கால்தான் எனக்கு அதிகம் உதவியது.

ஆகவே ஓட்டம் பிடிக்கவில்லையென்றால் நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மருந்துவாழ் மலை ஏறட்டும். நாராயண குரு தவமிருந்த மலை. அசையாமல் இருப்பதைக் கற்க அதைவிட நல்ல இடம் நம் குமரி மாவட்டத்தில் எது? வீட்டில் பிளாங்க் (முழங்கையிலும் கால்விரலிலும் உடம்பை நேராகத் தாங்கிக் கிடப்பது), பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது, பயிற்சி முடிந்ததும் முதுகை எதிர்ப்பக்கம் வளைத்து நீட்டுவது. இது போதும். போட்டி அன்று மட்டும் ஓட வேண்டாம்.

ஏர் பிஸ்டல் சுடுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு சாயா குடிப்பேன். போட்டியில் கை நடுங்குகிறது. போட்டியன்று சாயாவை விட்டுவிடலாமா?
– கல்லூரி மாணவர், குழித்துறை

அன்றைக்குத் திடீரென்று விட்டால் நடுக்கத்தோடு தலைவலியும் வந்து சேரும், மக்களே. இரண்டு வாரத்துக்கு முன்னாலிருந்தே ஒவ்வொன்றாகக் குறைத்து இரண்டுக்குக் கொண்டு வா. போட்டியன்றும் வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு. கருப்பட்டிக் காப்பிக்கு மாறிவிட்டேன் என்று ஒரு பையன் பெருமையாகச் சொன்னான். கருப்பட்டி சர்க்கரைக்குத்தான் பதில், காப்பித்தூளுக்கு இல்லை.

ஆனால் உன் கடிதம் வந்த நேரத்தைப் பார்த்தேன்: இரவு 1.40. சாயாவைவிட அதுதான் எனக்குக் கவலை. தூக்கம் கெட்டவனுக்குக் கை நடுங்குவது பாதிதான்; பொறுமை போவது மீதி. ஃப்ரண்ட் சைட் (துப்பாக்கி முனையில் குறி பார்க்க இருக்கிற முள்) ஆடும்போது இறக்கி வைக்காமல் டிரிகரை இழுத்துவிடுவான்.

போட்டிக்கு முன்னால் படபடப்பு அடங்க ஒரு பிரஷர் மாத்திரை போட்டால் கை நிற்கும் என்கிறான் நண்பன். உண்மையா?
– பெயர் வேண்டாம், மண்டைக்காடு

நிற்கும். அதனால்தான் தடை. பீட்டா பிளாக்கர் என்கிற அந்த வகை மாத்திரைக்குத் துப்பாக்கி சுடுதலில் போட்டி நாளில் மட்டுமல்ல, மற்ற நாளிலும் தடை உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங் சூ ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வாங்கினார். சோதனையில் அதே வகையைச் சேர்ந்த ப்ரோப்ரனலால் சிக்கியது, இரண்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். நோய்க்காக டாக்டர் கொடுத்த மாத்திரை என்றால் கதை வேறு. இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தவே கூடாது. டாக்டரிடம் உங்கள் விளையாட்டைச் சொல்லிப் பேசுங்கள். சும்மா படபடப்புக்கு என்றால், அந்த நண்பனிடம் கொஞ்ச நாள் பேசாதீர்கள்.

போட்டியன்று காலையில் என்ன சாப்பிடலாம் அண்ணாச்சி?
– குளச்சல் வாசகர்

மரச்சீனிக்கிழங்கும் மீன் குழம்பும் தவிர என்ன வேண்டுமானாலும்! நான் ஒரு தடவை அதைத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டுப் போனேன். நாற்பதாவது குண்டுக்கு மேல் கண் சொக்கியது. கடைசிப் பத்துக் குண்டில் ஒன்றுக்கு ஏழு மதிப்பெண்தான் கிடைத்தது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு குற்றி புட்டும் பயறும், அரை மணிக்கு முன்னால் ஒரு மட்டி வாழைப்பழம், இடையிடையே ஒரு வாய் தண்ணீர். வீட்டில் சாப்பிட்டுப் பழகாத எதையும் வெளியூரில் போட்டியன்று தொடாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஏர் துப்பாக்கியில் போடுகிற சின்னக் குண்டான பெல்லட் ஈயத்தால் ஆனது. அதைத் தொட்ட கையோடு பழம் உரிக்கிற பிள்ளைகளை ரேஞ்சில் தினமும் பார்க்கிறேன். ஒருவன் உதட்டிலேயே கவ்வி வைத்திருந்தான். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லேனில் ஒரு குண்டு வீணாய்ப் போனது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் எதையும் வாயில் வைக்க வேண்டும்.

எனக்கு வயது 44, கண்ணாடி போடுகிறேன். இனிமேல் பிஸ்டல் பழகத் தொடங்கலாமா?
– ஆரல்வாய்மொழி வாசகர்

தாராளமாக. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் வெள்ளி வாங்கியபோது வயது 51. ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1920 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியபோது 72. கண்ணாடி ஒரு தடையே இல்லை. பிஸ்டலில் டார்கெட் மங்கலாகத் தெரிவதுதான் சரி, ஃப்ரண்ட் சைட்தான் பளிச்சென்று தெரிய வேண்டும். கண் டாக்டரிடம் போகும்போது, கையை நேராக நீட்டினால் கண்ணிலிருந்து ஃப்ரண்ட் சைட் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். படிக்கிற கண்ணாடி அந்தத் தூரத்துக்குச் சரிவராது.