உவர் நிலத்தில் செம்மரமா?

"சாயல்குடி பக்கம் 2 ஏக்கர் மணல் நிலம். கிணற்றில் உவர்த் தண்ணீர். செம்மரம் வைத்தால் 12 வருடத்தில் கோடி பார்க்கலாம், மரத்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று ஓர் ஏஜென்ட் 500 கன்றுக்கு முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கொடுக்காதீர்கள். செம்மரம் ஆந்திராவின் கடப்பா, சித்தூர் பக்கத்து மலைக்காட்டு மரம். கல்லும் சரளையுமான சரிவில், பெய்த மழை நிற்காமல் வடிகிற இடத்தில் வளர்வது. வறட்சியைத் தாங்கும் மரம்தான். ஆனால் வறட்சி வேறு, உப்பு வேறு. கன்று வேர் பிடிக்கும்வரை கோடையில் நீங்கள் ஊற்றப்போவது அந்த உவர்த் தண்ணீரைத்தானே? ஐப்பசி, கார்த்திகையில் நீர் கட்டினாலும் வேர் அழுகும்.

12 வருடக் கணக்கு சுத்த ஏமாற்று. விலை முழுக்க உள்ளே இருக்கும் சிவப்பு வைரத்துக்குத்தான், அதாவது முற்றிய நடுக்கட்டைக்குத்தான். சுற்றியுள்ள வெள்ளைக் கட்டையை யாரும் சீந்த மாட்டார்கள். நன்றாக வைரம் பாய 25, 30 வருடம் ஆகும். மரத்தை வாங்கிக்கொள்கிறோம் என்று முத்திரைத்தாளில் எழுதித் தருகிற கம்பெனி அதுவரை இருக்குமா? கன்றிலும் மோசடி உண்டு. மஞ்சாடியையும் வேங்கையையும் செம்மரம் என்று தள்ளிவிடுகிறார்கள். ஓரளவு வளர்ந்த செம்மரக் கன்றில் காம்புக்குப் பெரும்பாலும் மூன்று இலைதான், வில்வம் மாதிரி. வேங்கையில் ஐந்து, ஏழு. மஞ்சாடிக்குப் பொடி இலைகள்.

உங்கள் நிலத்தில் ஒரு மூலை மேடாக இருந்து, அங்கே ஊற்ற நல்ல தண்ணீரும் கிடைத்தால் பத்துக் கன்று வைத்துப் பாருங்கள். மேடு மட்டும் போதாது, நல்ல தண்ணீர் மட்டும் போதாது, இரண்டும் வேண்டும். பத்து என்றால் பத்துதான். இரண்டு மழைக்காலம் தாண்டி நின்றால் அப்புறம் மேலே யோசிக்கலாம். வைத்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் கணக்கில் ஏற்றிவிடுங்கள்.

சைட்டிஸ் என்ற சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 1995 முதல் இருக்கிற மரம் இது. காட்டு மரத்தைக் காக்கச் சட்டம் வேண்டும்தான். அதற்காகப் பட்டா நிலத்தில் தன் கையால் வளர்த்தவனையும் வெட்ட ஓர் அனுமதி, வண்டியில் ஏற்ற ஓர் அனுமதி என்று அலையவிட வேண்டுமா? எல்லாம் ஒரே மேஜையில் முடிந்தால் தரகனுக்கு என்ன வேலை? "அனுமதியெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதுதான் அவன் வீசும் தூண்டில்.

அந்த முன்பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், மண்ணையும் தண்ணீரையும் வேளாண் துறைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைத் தெரிந்துகொள்ள. முடிவு வரத் தாமதமானால் விடாமல் போய்க் கேளுங்கள். அதற்குள் வரப்போரம் பனங்கொட்டை ஊன்றிவிடுங்கள்.