கல்மீன் குத்தினால் ஊசிக்குக் காசு கட்டாதீர்கள்

திருக்கடலூரிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "கணவர் கரைவலை இழுக்கும்போது கல்மீனை மிதித்துவிட்டார். ஒரு கிழமையாகியும் கால் வீக்கம் வற்றவில்லை. கொழும்பிலிருந்து விஷமுறிவு ஊசி எடுத்துத் தருவதாக ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? இனிமேல் குத்தினால் என்ன செய்வது?"

ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கல்மீனுக்கான மருந்து அவுஸ்திரேலியாவில் செய்யப்படுவது. குளிரில் வைத்திருந்து, வைத்தியசாலையில்தான் ஏற்ற வேண்டும். அதையும் விஷம் உடம்பில் வேலை செய்யும் நேரத்தில் ஏற்றினால்தான் பலன். ஒரு கிழமை கழித்து அசல் மருந்தே வந்தாலும் பயனில்லை. பாம்புக்கடி மருந்தைக் காட்டி "இதுவும் அதுதான்" என்பார்கள், நம்பாதீர்கள். நாகத்துக்கும் விரியனுக்கும் செய்த மருந்து மீன் விஷத்தை முறிக்காது. அதன் ஒவ்வாமை ஆளையே கொல்லக்கூடும். விஷக்கல் வைக்கிறவர்கள், கீறி இரத்தம் எடுக்கிறவர்கள், வைத்தியசாலை வாசலில் நின்று தனியார் கிளினிக்குக்கு ஆள் பிடிக்கிறவர்கள், எல்லோரும் வலியில் துடிப்பவனின் அவசரத்தை விற்றுத்தான் பிழைக்கிறார்கள்.

கல்மீன் தேடி வந்து கொத்துவதில்லை. பாசி பிடித்த கல்லைப் போல ஆழமில்லாத தண்ணீரில் அசையாமல் கிடக்கும். முதுகில் 13 முள், ஒவ்வொன்றிலும் இரண்டு விஷப்பை. மிதிக்கும் பாரத்தில் பை நசிந்து, முள்ளின் பள்ளம் வழியே விஷம் காலுக்குள் ஏறும். மெல்லிய பாட்டாச் செருப்பையும் முள் துளைக்கும். வலையில் வந்த மீன் செத்துவிட்டதென்று கையால் எடுக்காதீர்கள், கரையில் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும்.

குத்தினால் சுடுதண்ணிதான் முதல் வைத்தியம். இந்த விஷம் புரதம், சூட்டில் கெடும். தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகைக்கு மேல் போகாமல், பாதத்தை அரை மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் தண்ணிக்குள் வைத்திருங்கள். கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், வீட்டுக் கேத்திலே போதும். காலை இறுக்கிக் கட்டவும் கூடாது. மூச்சு வாங்கினால், மயங்கினால், உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கும். "சூடு தாங்குது" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். குத்துப்பட்ட காலிலும் அந்த நேரம் சூடு சரியாகத் தெரியாது. வீட்டில் வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே கால் உள்ளே போகட்டும். ஒவ்வொரு முறை சுடுதண்ணி சேர்க்கும்போதும் காலை வெளியே எடுத்து, கலக்கி, திரும்பவும் முழங்கையால் பாருங்கள். விஷம் ஆறி, வெந்த புண்ணால் விரல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த வைத்தியசாலை விடுதிகளில் பாம்புக்கடிக்குப் படத்தோடு வழிகாட்டி ஒட்டியிருக்கும். மீன்முள்ளுக்கு ஒரு தாள்கூடக் கிடையாது. சுடுதண்ணி கேட்டால் கேத்தில் இல்லை என்பார்கள். துடிக்கிறவரைத் துண்டுச்சீட்டு எடுக்க வரிசையில் நிறுத்துவார்கள். கடலோர மாவட்டத்தில் இதை எத்தனை முறை சொல்வது!

சரி, உங்கள் கணவர் விஷயம். நாளைக்கே கூட்டிப் போங்கள். முள்ளின் துண்டு உள்ளே கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் தெரியாவிட்டால் ஸ்கான் கேளுங்கள். இரத்தத்தில் சீனியும் பார்க்கட்டும், ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டாரா என்பதையும் சொல்லுங்கள். முக்கியமாக, இது கடல் தண்ணீரில் பட்ட புண் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கடல் கிருமிக்குக் கொடுக்கும் மருந்து வேறு.