புஷல், ரிங்கிட், கப்பல் வாடகை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உலகத் தானிய, எண்ணெய்வித்து விலைகளின் வாரப் போக்கு பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. செய்தியில் வரும் எண் ஒன்று, நம் கடை வாசலுக்கு வரும் விலை வேறொன்று. பதில்களில் உள்ள விலைகள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. இந்த வாரச் சந்தை விலை என்று நினைத்துவிட வேண்டாம்.

கே: 'சிகாகோவில் சோயாபீன் 1020'4, மக்காச்சோளம் 430'2' என்று போடுகிறார்கள். டன் விலையாக மாற்றுவது எப்படி? நடுவில் அந்தக் குறி எதற்கு? (நாமக்கல் வாசகர்)

ப: சிகாகோ தானியச் சந்தையில் இரண்டும் ஒரு புஷலுக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கு. குறிக்குப் பின்னால் இருப்பதைத் தசமம் என்று படித்துவிடக் கூடாது; அது எட்டில் இத்தனை பங்கு. '2 என்றால் கால் சென்ட், '4 என்றால் அரை, '6 என்றால் முக்கால். ஆக 1020'4 என்பது 1020.5 சென்ட், அதாவது 10.205 டாலர்.

புஷல் ஆதியில் நம் படி, மரக்கால் போல முகத்தல் அளவு. பிறகு தானியத்துக்குத் தானியம் ஓர் எடையாக நிலைத்துவிட்டது. சோயாபீனுக்கும் கோதுமைக்கும் 60 பவுண்டு, மக்காச்சோளத்துக்கு 56 பவுண்டு. எனவே ஒரு டன்னுக்குச் சோயாபீனும் கோதுமையும் 36.743 புஷல், மக்காச்சோளம் 39.368 புஷல். உங்கள் சோயாபீன் 10.205 × 36.743 = சுமார் 375 டாலர். மக்காச்சோளம் 4.3025 × 39.368 = சுமார் 169 டாலர். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்: மக்காச்சோளத்தையும் 36.743 ஆல் பெருக்கி 158 டாலர் என்று எழுதிவிடுகிறார்கள். டன்னுக்கு 11 டாலர் காணாமல் போகிறது.

சோயா புண்ணாக்கின் அலகு இன்னொரு கண்ணி. அது 'ஷார்ட் டன்' விலை, அதாவது 907 கிலோவுக்கு. 1.1023 ஆல் பெருக்கினால்தான் நம் டன் விலை வரும். சோயா எண்ணெய் ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட், 22.046 ஆல் பெருக்குங்கள். 50 சென்ட் என்றால் டன் 1,102 டாலர். பாரிஸ் சந்தையில் கோதுமையும் ரேப்சீடும் (கடுகு இனத்து எண்ணெய்வித்து) யூரோவில், மலேசியப் பாமாயில் ரிங்கிட்டில், நேராகவே டன் விலை.

கே: சோயாபீன் அசையாமல் நிற்கும் வாரத்தில்கூடப் புண்ணாக்கு மட்டும் சரிகிறதே, ஏன்? (அதே வாசகர்)

ப: ஒரு புஷல் சோயாபீனை ஆட்டினால் ஏறக்குறைய 11 பவுண்டு எண்ணெயும் 44 பவுண்டு புண்ணாக்கும் கிடைக்கும். ஆலைக்காரர் போடும் கணக்கு இது: புண்ணாக்கு விலை (ஷார்ட் டன்னுக்கு, டாலரில்) × 0.022, எண்ணெய் விலை (பவுண்டுக்கு, சென்ட்டில்) × 0.11, இரண்டையும் கூட்டிச் சோயாபீன் விலையைக் கழி. புண்ணாக்கு 300 டாலர், எண்ணெய் 50 சென்ட், சோயாபீன் 10.20 டாலர் என்று வையுங்கள். 6.60 + 5.50 − 10.20 = புஷலுக்கு 1.90 டாலர் மிச்சம். இதில்தான் ஆலைச் செலவும் லாபமும்.

வருமானத்தில் எண்ணெயின் பங்கு இங்கே 45 சதவீதம். அமெரிக்காவில் பயோடீசலுக்காக எண்ணெய்க்கு இழுபறி வந்தால் இந்தப் பங்கு ஏறும். ஆலைகள் எண்ணெய்க்காகவே கூடுதலாக ஆட்டும். கூடவே வந்து குவிகிற புண்ணாக்கை எவராவது வாங்கியாக வேண்டுமே! விலையைக் குறைத்துத்தான் தள்ளுவார்கள்.

ஆனால் அந்தச் சரிவு நாமக்கல் தீவன ஆலைக்கு நேராக வந்து சேராது. மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு இறக்குமதிக்கு இந்தியா வழக்கமாக அனுமதி தருவதில்லை. 2021-இல் 12 லட்சம் டன்னுக்கு விதிவிலக்குக் கொடுத்தது. நீங்கள் வாங்குவது மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரச் சரக்கு. உலக விலை விழுந்தால் நம் புண்ணாக்கின் ஏற்றுமதி படுத்துவிடும், சரக்கு உள்ளூரிலேயே தேங்கும், பிறகுதான் விலை இறங்கும். சில வாரம் பொறுக்க வேண்டும்.

கே: ஜூன் கடைசியில் 'மக்காச்சோளம் ஒரே நாளில் 5 சதவீதம் வீழ்ச்சி' என்று விலை வரைபடத்தில் தெரிந்தது. விசாரித்தால் எவரும் விலை குறைக்கவில்லை. (உடுமலை வாசகர்)

ப: விலை விழவில்லை, மாதம் மாறியிருக்கிறது. முன்பேரச் சந்தையில் (பின்னால் ஒப்படைக்கும் சரக்குக்கு இன்றே விலை பேசும் சந்தை) மக்காச்சோளத்துக்கு மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், டிசம்பர் என ஐந்து மாத ஒப்பந்தங்கள். ஜூலை ஒப்பந்தம் பழைய விளைச்சல். டிசம்பர், அறுவடையாகப் போகும் புது விளைச்சல். ஜூலை ஒப்பந்தத்துக்குச் சரக்கை ஒப்படைக்கும் அறிவிப்பு ஜூன் மாதத்தின் கடைசி வேலை நாளிலேயே தொடங்கிவிடும். சரக்கு வேண்டாதவர்கள் அதற்கு முன்பே பின்னால் வரும் ஒப்பந்தத்துக்குத் தாவிவிடுவார்கள். ஜூலை 450, டிசம்பர் 425 என்று இருந்தால், இரண்டையும் ஒட்டிப்போட்ட படத்தில் ஐந்தரைச் சதவீதப் பள்ளம் தெரியும். வார ஒப்பீட்டில் எந்த மாத ஒப்பந்தம் என்று எழுதாத செய்தியை அப்படியே நம்பிக் கொள்முதலைத் தள்ளிப்போடாதீர்கள்.

கே: பிரேசிலிலிருந்து சீனாவுக்குச் சோயாபீன் கப்பல் வாடகை டன்னுக்கு 35 டாலர் என்கிறார்கள். இந்த 35 எங்கிருந்து வருகிறது? (தூத்துக்குடி வாசகர்)

ப: லாரி வாடகை மாதிரிதான். திரும்பி வரும் காலி லாரிக்கும் சேர்த்தே காசு. சான்டோஸ் துறைமுகத்தில் 66,000 டன் ஏற்றி சீனாவின் சிங்தாவில் இறக்குகிற பனாமாக்ஸ் ரகக் கப்பலை எடுத்துக்கொள்வோம். அது சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து காலியாகப் பிரேசிலுக்குப் போக 29 நாள், சரக்கோடு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சீனா போக 36 நாள், இரண்டு துறைமுகத்திலும் நிற்க 15 நாள். மொத்தம் 80 நாள். தினவாடகை 14,000 டாலர் என்றால் 11,20,000 டாலர்.

எரிபொருள்: ஓடும் நாளில் 27 டன், நிற்கும் நாளில் 4 டன். 65 × 27, 15 × 4, ஆக 1,815 டன். டன் 550 டாலர் வீதம் 9,98,250. இரு துறைமுகச் செலவுக்கு 2,50,000. கூட்டினால் 23,68,250 டாலர். 66,000 டன்னால் வகுத்தால் 35.88.

இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை போட்டு வைத்துக்கொண்டால் வாரச் செய்தியைப் படிக்கும்போதே அதன் எடை தெரிந்துவிடும். தினவாடகை 1,000 டாலர் ஏறினால் டன்னுக்கு 1.21 டாலர் கூடும். எரிபொருள் 100 டாலர் ஏறினால் 2.75. பிரேசில் அறுவடை நெரிசலில் சான்டோஸ் வெளியே பத்து நாள் கூடுதலாக நங்கூரமிட்டு நின்றால் ஏறக்குறைய 2.45.

பலர் மறந்துவிடுவது ஆற்றின் ஆழத்தை. அர்ஜென்டினாவின் ரொசாரியோ துறைமுகங்கள் பரானா ஆற்றின் மேல் இருப்பவை. ஆற்றில் நீர் ஒரு அடி குறைந்தால் பனாமாக்ஸ் கப்பலில் ஏறக்குறைய 2,000 டன் குறைத்து ஏற்ற வேண்டும். கப்பலின் செலவோ குறையாது. மேலே உள்ள கணக்கிலேயே இரண்டு அடி குறைத்து 62,000 டன்னால் வகுத்துப் பாருங்கள், 38.20 வரும்.

புண்ணாக்கு ஏற்றினாலும் இதே தொல்லை. எடை ஏறுவதற்கு முன்பே கப்பலின் வயிறு நிரம்பிவிடும். கோதுமைக்குச் சொன்ன வாடகையைப் புண்ணாக்குக்கும் போட்டால் கணக்கு கையைக் கடிக்கும்.

கே: பால்டிக் டிரை இண்டெக்ஸ் ஒரே வாரத்தில் 15 சதவீதம் ஏறிவிட்டது. கோதுமை, பருப்பு இறக்குமதிச் செலவும் அவ்வளவு ஏறுமா? (தூத்துக்குடியிலிருந்து இன்னொருவர்)

ப: பால்டிக் டிரை இண்டெக்ஸ் என்பது சரக்கை மூட்டையில்லாமல் கொட்டி ஏற்றும் கப்பல்களின் வாடகைக் குறியீடு. அந்த எண்ணில் 40 சதவீதம் கேப்சைஸ் என்ற ராட்சதக் கப்பல்களின் வாடகை. அவை சுமப்பது பெரும்பாலும் இரும்புத் தாது, நிலக்கரி, பாக்சைட். மீதி பனாமாக்ஸ் 30, அதைவிடச் சின்னதான சூப்ராமாக்ஸ் 30. 2018 மார்ச் முதல் இந்தப் பங்கீடுதான். ஹேண்டிசைஸ் என்ற சின்னக் கப்பல்களை எடுத்துவிட்டார்கள். தானியம் போவதோ பனாமாக்ஸிலும் அதைவிடச் சின்னக் கப்பல்களிலும். சீனா திடீரென இரும்புத் தாது வாங்கினால் குறியீடு குதிக்கும், கோதுமைக் கப்பல் வாடகை இருந்த இடத்திலேயே இருக்கும். தனித்தனியாக வெளியாகும் பனாமாக்ஸ், சூப்ராமாக்ஸ் குறியீடுகளைப் பாருங்கள். லண்டனில் உள்ள சர்வதேச தானியக் கவுன்சில் தானியத் தடங்களுக்கென்றே ஒரு வாடகைக் குறியீடு வைத்திருக்கிறது. நமக்கு அது இன்னும் நெருக்கம்.

பால்டிக் எண் எப்படித் தலைகீழாகும் என்பதற்கு 2008 போதும். மே 20-ஆம் தேதி 11,793. டிசம்பர் 5-ஆம் தேதி 663.

உங்கள் பருப்பு கன்டெய்னரில் வருகிறது என்றால் இந்தக் குறியீட்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பே இல்லை.

கே: மிசிசிப்பி ஆற்றுப் படகு வாடகை 450 சதவீதம் என்று ஓர் அறிக்கையில் இருந்தது. எதில் 450 சதவீதம்? (கோவை வாசகர்)

ப: 1976-ஆம் ஆண்டு கட்டண அட்டவணையில்! அட்டவணை செல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது, பழக்கம் மட்டும் நிற்கிறது. செயின்ட் லூயிஸ் நகருக்கு அடிப்படைக் கட்டணம் ஷார்ட் டன்னுக்கு 3.99 டாலர். 450 சதவீதம் என்றால் 17.96 டாலர், நம் டன்னுக்கு சுமார் 19.80. ஊருக்கு ஊர் அடிப்படை வேறு என்பதால் இரண்டு ஊர்களின் சதவீதத்தை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. 2022 அக்டோபரில் ஆறு வற்றியபோது இந்த வாடகை எகிறியது. ஆறு கடலில் சேரும் மெக்சிகோ வளைகுடாத் துறைமுகத்தில் சரக்குக்குத் தட்டுப்பாடு, ஆற்றின் மேல்பகுதியில் விவசாயிக்குக் கிடைத்த விலையோ மட்டம். சிகாகோ விலையை மட்டும் பார்த்தவர்களுக்கு இரண்டுமே தெரிந்திருக்காது.

கே: இலங்கையில் கோதுமை விளைவதில்லை, மாவு விலை முழுக்க வெளிச்சந்தையைப் பொறுத்தது. ரஷ்ய, உக்ரைன் கோதுமை விலையை எதை வைத்துப் பின்தொடர்வது? (திருகோணமலை வாசகர்)

ப: கருங்கடல் கோதுமைக்குச் சிகாகோ போல உலகமே பார்க்கும் முன்பேரச் சந்தை இல்லை. ரஷ்யாவின் நொவரசீஸ்க் துறைமுகத்தில் கப்பலேற்றிய விலை, 12.5 சதவீதப் புரதம்: இதுதான் அளவுகோல். ரஷ்யா 2021 ஜூன் முதல் ஏற்றுமதி வரியை வாரா வாரம் மாற்றுகிறது. அரசு வைத்திருக்கும் அடிப்படை விலைக்கு மேல் போகும் தொகையில் 70 சதவீதம் வரி. அதனால் உலக விலை ஏறினாலும் ரஷ்ய விவசாயிக்கு அதில் சிறு பங்குதான் போகிறது. விற்க அவசரப்பட மாட்டார்.

அடுத்தது போர் ஆபத்துக் காப்பீடு. கப்பலின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று, பெரும்பாலும் ஏழு நாளுக்கு வாங்குவார்கள். 2.5 கோடி டாலர் கப்பலுக்கு 1 சதவீதம் என்றால் 2,50,000 டாலர். 60,000 டன் ஏற்றினால் டன்னுக்கு 4.17 டாலரோடு போகும். 2 கோடி டாலர் மதிப்புள்ள சின்னக் கப்பலில் 25,000 டன் மட்டும் ஏற்றினால் 8 டாலர். சிறு கப்பலில் வாங்கும் நாடுகளுக்குத்தான் அடி பலம்.

சிகாகோவை அடியோடு விட்டுவிடவும் முடியாது. 2022 மார்ச்சில் போர் தொடங்கிய சூட்டில் அங்கே கோதுமை புஷலுக்கு 13 டாலரைத் தாண்டியது. ஜூலை 22-இல் இஸ்தான்புல் ஒப்பந்தம் வந்து உக்ரைன் துறைமுகங்கள் திறந்தன. 2023 ஜூலை 17-இல் அது முறிந்தபோது பழையபடி 13 டாலருக்குப் போகும் என்று பேசிக்கொண்டார்கள். போகவில்லை. ருமேனியா, பல்கேரியா கரையை ஒட்டி உக்ரைன் தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டது.

கே: மலேசியாவில் பாமாயில் 100 ரிங்கிட் இறங்கியது. சென்னையில் இறங்கவில்லை. வியாபாரிகள் அமுக்குகிறார்களா? (விருதுநகர் வாசகர்)

ப: அமுக்குவதும் உண்டு. ஆனால் முதலில் நான்கைச் சரிபாருங்கள். ரிங்கிட் டாலருக்கு எதிராக ஏறியதா? ஏறியிருந்தால் டாலர் விலை அவ்வளவு இறங்கியிருக்காது. ரூபாய் சரிந்ததா? இந்தோனேசியா, மலேசியா ஏற்றுமதி வரியை மாற்றினவா? நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள்: இந்தியச் சுங்கத்துறை வரி போடுவது உங்கள் பில் விலைக்கு அல்ல, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறிவிக்கும் கட்டண மதிப்புக்கு. சந்தை இன்று விழுந்தாலும் அடுத்த அறிவிப்பு வரை பழைய மதிப்பில்தான் வரி.

கச்சாப் பாமாயிலுக்கு 2025 மே 30-இல் அடிப்படை வரியை 20-இலிருந்து 10 சதவீதமாக்கினார்கள். விவசாய செஸ் 5, இரண்டின் மேலும் பத்தில் ஒரு பங்காக 1.5, ஆக 16.5. கட்டண மதிப்பு 1,100 டாலர், டாலர் 85 ரூபாய் என்றால் டன்னுக்கு 15,427 ரூபாய், கிலோவுக்கு ஏறக்குறைய 15.40. ஜிஎஸ்டி தனி. வரி விகிதம் எப்போது வேண்டுமானாலும் மாறும். சரக்குக்குக் கையெழுத்துப் போடும் முன் அன்றைய அறிவிக்கையைப் பாருங்கள்.

கே: வாரத்தில் எந்த நாள் எதைப் பார்க்க வேண்டும்? நேரம் குறைவு. (சேலம் வாசகர்)

ப: நம் நேரத்தில் சொல்கிறோம், அமெரிக்கக் கோடைநேரக் கணக்கு இது, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். திங்கள் இரவு 8.30: முந்தைய வியாழனோடு முடிந்த வாரத்தில் அமெரிக்காவிலிருந்து உண்மையில் கப்பலேறிய அளவு. விடிந்தால் செவ்வாய், அதிகாலை 1.30: அமெரிக்கப் பயிர் நிலை, ஏப்ரல் முதல் நவம்பர் வரை. 'நன்று', 'மிக நன்று' இரண்டின் கூட்டுத்தொகை போன வாரத்தைவிட எத்தனை புள்ளி மாறியது என்பது மட்டும் போதும். வியாழன் மாலை 6: அமெரிக்காவின் புதிய ஏற்றுமதி விற்பனை. முந்தைய வியாழன் வரைக்குமான கணக்கு என்பதால் அதில் சூடு கொஞ்சம் ஆறியிருக்கும். சனி அதிகாலை 1: நிதி நிறுவனங்கள் முன்பேரச் சந்தையில் எவ்வளவு வாங்கியும், கையில் இல்லாததை எவ்வளவு விற்றும் வைத்திருக்கின்றன என்ற பட்டியல், செவ்வாய்க்கிழமை நிலவரப்படி. அவர்கள் அளவுக்கு மீறி விற்று வைத்திருக்கும் வாரத்தில் வறட்சிச் செய்தி ஒன்று வந்தால் போதும், திரும்ப வாங்க ஓடுவார்கள், விலை பிய்த்துக்கொண்டு போகும்.

மாதத்துக்கு ஒருமுறை, 10-ஆம் தேதி வாக்கில் மலேசியப் பாமாயில் கையிருப்பு. அதே சமயத்தில் அமெரிக்க வேளாண் துறையின் உலக வரத்துத் தேவை அறிக்கை, இரவு 9.30-க்கு. அந்த இரவு மட்டும் விலை பேசி முடிக்காதீர்கள்.