ஹோர்மோன் டெஸ்டைத் திரும்பச் செய்ய வேண்டுமா?

விசுவமடுவிலிருந்து 46 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாதவிடாய் சிலவேளை இருபது நாளிலேயே வருகிறது, சிலவேளை இரண்டு மாதம் வருவதில்லை. வந்தால் கட்டி கட்டியாகப் போகிறது. இரவில் வேர்த்து எழும்புகிறேன், பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். காசு கட்டி ஹோர்மோன் டெஸ்ட் செய்தேன், நோர்மல் என்றார்கள். திரும்பச் செய்யவா?"

வேண்டாம், அந்தக் காசை வைத்திருங்கள். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய இந்த வருடங்களில் எல்லா மாதமும் முட்டை வெளிவராது. வராத மாதத்தில் புரொஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் குறைந்துவிடும். மற்றப் பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜனோ ஒரேயடியாக இறங்குவதில்லை. ஒரு கிழமை இறங்கும், இன்னொரு கிழமை இளவயதில் இருந்ததைவிடவும் ஏறும். கருப்பையின் உட்படலம் தடித்து, பிறகு மொத்தமாகக் கழன்று போவது இதனால்தான். ஈஸ்ட்ரஜன் இறங்கும்போது, உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி சின்ன வெக்கைக்கும் பதறி வேர்க்க வைக்கிறது. இன்றைக்கு எடுத்த இரத்தம் அடுத்த கிழமை நிலையைச் சொல்லாது. 45 வயதைத் தாண்டியவர்களுக்கு அறிகுறிகளை வைத்தே முடிவெடுக்கலாம் என்றுதான் பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் (NICE) நிறுவனமும் 2015 இலிருந்து சொல்கிறது.

டெஸ்ட் செய்வதென்றால் ஹீமோகுளோபின், தைரொயிட், சீனி மூன்றையும் பாருங்கள். தைரொயிட் கூடினாலும் வேர்க்கும், நெஞ்சு படபடக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது வேர்வை அல்ல, கட்டி கட்டியாகப் போகும் இரத்தம். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை பாட் மாற்ற வேண்டி வந்தால், வயலில் நாலு அடி நடக்க மூச்சு வாங்கினால், "இந்த வயசில அப்பிடித்தான்" என்று பொறுத்திருக்காதீர்கள். கருப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கான் பார்க்க வேண்டும். போக்கைக் குறைக்க அந்த நாட்களில் மட்டும் குடிக்கும் ட்ரனெக்ஸாமிக் அசிட் குளிசையும், ஹோர்மோன் உள்ள லூப்பும் இருக்கின்றன. எது பொருந்தும் என்று வைத்தியர் சொல்வார். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் எம்.ஓ.எச் பணிமனையின் வெல் வுமன் கிளினிக் நாளைச் சொல்வார். அங்கே பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குத் துண்டு தருவார்கள். உறவுக்குப் பிறகு இரத்தம் பட்டாலோ, ஒரு வருடம் நின்றபின் திரும்ப வந்தாலோ, கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் எல்லாருக்கும் வேர்க்கும். ஆனால் விடியப்புறம் மற்றவர்கள் போர்த்திக்கொண்டு படுத்திருக்க நீங்கள் மட்டும் நனைந்து எழும்பினால், அது ஹோர்மோன் வேர்வையாக இருக்கலாம். வீட்டுக் கலண்டரில் இரத்தம் வந்த நாள், வேர்த்த இரவு, கோபம் வந்த நாள் மூன்றையும் குறித்து வாருங்கள். மூன்று மாதக் குறிப்பு வைத்தியருக்குப் பெரிய உதவி. வேர்வைக்கு நன்றாக வேலை செய்வது ஹோர்மோன் சிகிச்சைதான். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு அது சரிவராது. அவர்களுக்கு வேறு குளிசைகள் உண்டு.

வன்னியில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009 இல் உறவுகளைப் பறிகொடுத்த பெண்கள் இரவில் விழித்தால், சுற்றியிருப்பவர்கள் "யோசனைதான்" என்று முடித்துவிடுகிறார்கள். யோசனையும் இருக்கலாம், ஹோர்மோனும் இருக்கலாம். நித்திரை கெட்டால் பழைய துயரமும் கிளம்பும். இரண்டையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், இரண்டுக்கும் உதவி உண்டு. அழுகை நிற்காமல் போனால், வாழ வேண்டாம் என்று தோன்றினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாதவிடாய் தள்ளிப் போகும் காலத்திலும் கரு தங்கலாம். 50 வயதுக்கு முன் நின்றால் இரண்டு வருடமும், பிறகு நின்றால் ஒரு வருடமும் கருத்தடையைத் தொடர வேண்டும்.