போலீஸ் இல்லாத தெருவிலும் ஹெல்மெட் போடுவோமா? – கேள்வி பதில்

சென்னை ரோடுகளில் சாலைப் பாதுகாப்பு ஆய்வு செய்பவன் நான். கேளுங்கள்.

கே (அண்ணாநகர்): சார், அபராதத்தை ஏற்றியும் யாரும் திருந்தவில்லையே?

ப: ஹெல்மெட் போடாததற்கான 100 ரூபாய், 2022 அக்டோபரில் 1000 ஆனது. ஆனால் தொகையைவிட, பிடிபடுவோம் என்ற பயத்துக்குத்தான் பலம் அதிகம். அண்ணா சாலையில் பாருங்கள்: முழங்கையில் தொங்கும் ஹெல்மெட், தூரத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் தலைக்கு ஏறும். சிக்னல் தாண்டினால் மறுபடி கைக்கு. தலையில் இருந்தாலும் வார் மாட்டியிருக்காது. வாரை மாட்டுங்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவே அதைத்தான் சொல்கிறது.

கே (வேளச்சேரி): குடித்திருக்கிறோமா என்று பார்க்க, போலீஸ் தினமும் ஒரே இடத்தில் நின்று ஊதச் சொல்கிறார்களே, பலன் உண்டா?

ப: ராஜஸ்தானில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரே இடத்தில் நின்ற பகுதிகளில் குறிப்பிடும்படி பலன் இல்லை. இடம் மாற்றி மாற்றி நின்ற பகுதிகளில் இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவு மரணங்கள் 25 சதவீதமும் குறைந்தன. நிற்கும் இடம் தெரிந்துவிட்டால் குடித்தவர் பக்கத்துச் சந்தில் புகுந்து வீட்டுக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1982 டிசம்பர் முதல், சந்தேகமே இல்லாவிட்டாலும் யாரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். அங்கே உயிரிழப்பு சட்டென்று இறங்கியது.

கே (தாம்பரம்): பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயமா?

ப: ஆமாம். வாரோடு.

கே (ஓ.எம்.ஆர்.): எனக்கு வந்த சலானை ரத்து செய்ய வழி?

ப: அது என் வேலை இல்லை. போக்குவரத்து போலீஸிடம் முறையிடுங்கள்.

கே (ஆவடி): ஹெல்மெட் இல்லாவிட்டால் எவ்வளவு அபராதம்?

ப: முதல் பதிலைப் படிக்காமலே கேட்டால் எப்படி?

கே (மேடவாக்கம்): மரத்துக்குப் பின்னால் ஒளிந்து பிடிப்பது வசூல்தானே? வெளியே நின்றால் எல்லோரும் மெதுவாகப் போவார்களே.

ப: போவார்கள், அந்த நூறு மீட்டருக்கு. தாண்டியதும் ஆக்சிலரேட்டரை முறுக்குவார்கள். கேமராவிலும் இதே கதை. அதற்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்கிறது மத்திய அரசின் 2021 விதி. விபத்து அடிக்கடி நடக்கும் வளைவில் போலீஸ் தெரியும்படி நிற்கட்டும், மற்ற இடங்களில் எங்கே நிற்கிறார் என்றே தெரியக் கூடாது.

கே (பெரம்பூர்): எதிரே வருபவர் லைட் அடித்துக் காட்டிக்கொடுத்துவிடுவாரே?

ப: வேகத்தைப் பொறுத்தவரை அடிக்கட்டும், போலீஸ் வருமுன்பே வண்டி மெதுவாகும். குடித்தவருக்கும் அதே சைகை போகிறதே, அதுதான் வம்பு.

கே (மேடவாக்கம்): வசூலைப் பற்றி வாயே திறக்கவில்லையே சார்?

ப: சரி, அதில் நான் உங்கள் பக்கம். ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் என்று கணக்குப் பார்த்தால் சுலபமான கேஸ்தான் சிக்கும். ஹெல்மெட் போடாதவரை மடக்க ஒரு நிமிடம் போதும். ராங் சைடில் வரும் தண்ணீர் லாரியை நிறுத்தினால் பின்னால் ரோடே அடைத்துக்கொள்ளும், டிரைவரோடு அரை மணி நேரம் வாக்குவாதம். இரண்டுமே கணக்கில் ஒரு கேஸ்தான் என்றால், லாரியை யார் நிறுத்துவார்?