வேலூரில் தொழில்முறைக் கால்பந்து அணி நடத்த முடியுமா?

கேள்வி: காட்பாடியில் பல ஆண்டுகளாகக் கால்பந்துக் குழு நடத்தி வருகிறோம். நண்பர்கள் பத்துப் பேர் தலா ஐந்து லட்சம் ரூபாய் போட்டு, மாதச் சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை வைத்து அணி நடத்த விரும்புகிறோம். வேலூர் போன்ற ஊர் அதைத் தாங்குமா?

பதில்: ஊர் தாங்கும், ஆனால் நீங்கள் திரட்டும் ஐம்பது லட்சம் ஓராண்டைக்கூடத் தாங்காது.

மக்கள்தொகை ஒரு தடையே அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி மூன்று லட்சம் பேர்கூட இல்லாத, மிசோரம் தலைநகர் அய்சாலின் அணி, கொல்கத்தாவின் பெரிய அணிகளான மோகன் பகானையும் ஈஸ்ட் பெங்காலையும் பின்தள்ளி, தேசியக் கால்பந்து லீக்கான ஐ லீக்கின் 2016-17 பட்டத்தை வென்றது. அதற்கு முன்பே, 2012 முதல், மிசோரம் தனக்கென ஒரு லீக்கை நடத்தி, அதை உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் காட்டி, தெருவில் ஆடும் பையனை ஊரே பெயர் சொல்லி அழைக்கும்படி செய்திருந்தது. மாறாக, கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு 2018-19 ஐ லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணி, சில ஆண்டுகளிலேயே தேசிய லீகில் இல்லாமல் போனது. பட்டம் மட்டும் ஓர் அணியை ஊரில் வேரூன்றச் செய்துவிடாது.

கணக்கைப் பாருங்கள். இருபத்திரண்டு ஆட்டக்காரர்களுக்கு, அதிகம் என்று யாரும் சொல்ல முடியாத 25,000 ரூபாய் மாதச் சம்பளம் என்று வைத்தால், ஒன்பது மாதத்துக்கு 49,50,000 ரூபாய் ஆகிறது. பயிற்சியாளர், தங்குமிடம், உணவு, ரயில் கட்டணம், முழங்கால் தசைநார் கிழிந்தால் ஆகும் சிகிச்சை ஆகிய எதுவும் இதில் சேரவில்லை. சொந்த ஊரில் பத்து ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 1,500 பேர், நுழைவுச்சீட்டு 50 ரூபாய் என்று தாராளமாகவே மதிப்பிட்டாலும் வரவு ஏழரை லட்சம்தான். மிச்சத்தை விளம்பர ஆதரவாளர்கள்தான் தர வேண்டும்.

இந்த இடத்தில், பழைய வட ஆர்க்காடு மாவட்டமான நம் வட்டாரத்துக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருப்பதாகவே நான் நம்புகிறேன். ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழும் ஸ்பெயினின் வில்லாரியல், பீங்கான் ஓட்டுத் தொழிலை நம்பிய ஊர். அத்தொழிலதிபர் ஒருவர் 1997இல் அணியை வாங்கி நடத்தியதில், அது 2006இல் ஐரோப்பிய அணிகளின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதிக்குச் சென்று, 2021இல் அதற்கு அடுத்த நிலைப் போட்டியான ஐரோப்பா லீக்கை வென்றது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழில் நமக்கு அத்தகைய ஆதாரம். ஆனால் ஏற்றுமதி ஆர்டர் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது விளம்பரச் செலவு என்பதால், ஒரே முதலாளியை நம்பாமல், நான்கைந்து நிறுவனங்களிடம் மூன்றாண்டு ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்திருந்தாலும், அணிக்கு வட ஆர்க்காடு என்றே பெயர் வைத்தால் நான்கு ஊர்களும் தமதென்று நினைக்கும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை விளையாட்டுப் பயிற்சிக்குச் செலவிடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதைப் பெறும் சங்கத்துக்குப் பதிவும், 12ஏ, 80ஜி என்று அறியப்படும் வருமான வரி அனுமதிகளும் (முன்னது சங்கத்துக்கு வரிவிலக்கு, பின்னது நன்கொடை தருவோருக்கு வரிச்சலுகை), மூன்றாண்டுச் செயல்பாடும் இருக்க வேண்டும். ஆகவே சங்கப் பதிவை இந்த ஆண்டே முடித்துவிடுங்கள். முதல் மூன்றாண்டுகள் மாதச் சம்பளம் வேண்டாம். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று படி கொடுத்து, பதின்மூன்று, பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணிகளை வளர்ப்பதே சரி. தேசிய லீக்குகளுக்கான உரிமம் கேட்கும்போது இளையோர் அணிகளையும் பார்ப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் திடல் வேண்டும். பொருட்காட்சி முடிந்த திடல் ஒன்றில் காலையில் நடந்து பார்த்திருக்கிறேன். பந்தல்கால் நட்ட குழிகள் மூடப்படாமல் கிடந்தன, கோல் கம்பத்தருகே மண்ணைக் கிளறினால் துருப்பிடித்த ஆணிகள் கையில் வந்தன. அங்கே சறுக்கி விழுந்து பந்தைத் தடுக்கும்படி எந்தப் பையனிடமும் சொல்ல முடியாது. புல்தரை உள்ள கல்லூரி ஒன்றோடு, பயிற்சிக்கும் ஆட்டத்துக்குமான நாள், நேரம் குறித்து எழுத்தில் உடன்படிக்கை செய்யுங்கள். வேலூர் வெயிலில் பிற்பகல் ஆட்டம் நடவாது என்பதால் மின்விளக்கு வசதியையும் கேளுங்கள். அந்தத் தாளில் கையெழுத்தாகும்வரை யாரிடமும் சம்பளப் பேச்சு எடுக்க வேண்டாம். உங்கள் சொல்லை நம்பி ஷூ கம்பெனி வேலையை விட்டு வரும் பையனுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்காது.